சுவாசமும் சந்தேகமும்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. ஆறடி அகலம், பன்னிரண்டடி நீளம். இரண்டு பெரிய இயந்திரங்கள், கால் ஆடும் ஒரு மேசை, சுவரில் சட்டமிட்ட ஆயத்துல் குர்ஸி. ஜன்னல் கிடையாது. கடைக்காரர் அக்குறணையைச் சேர்ந்தவர். பதினெட்டு வருடங்களாக அந்த இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவில் நின்று பல்கலைக்கழகப் பிள்ளைகளின் குறிப்புகளையும், வழக்குக் கட்டுகளையும், எங்களைப் போன்றவர்களின் அச்சேறாத கவிதைகளையும் நகலெடுத்துக் கொடுப்பவர். அன்று என் கட்டுரையொன்றைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் நிறுத்தாமல் இருமினார்.

"என்ன நானா, இருமல் விடாது போல?"

"இந்தக் கறுப்புத் தூள்தான் தம்பி. மூக்கச் சீந்தினாலும் கறுப்பாத்தான் வருது. டொக்டருக்கிட்டக் காட்டினேன். சிகரட் குடிக்கிறதா எண்டு கேட்டார். இல்ல எண்டேன். அப்ப ஒண்டுமில்ல எண்டுட்டார்."

கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூள் பெரிய விசயமில்லை, அதோடு கண்ணுக்குத் தெரியாத நனோ துணிக்கைகளும் வருகின்றன, அவைதான் ஆழமாக உள்ளே போகின்றன என்று எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். "நானாவா? என்னையா சொல்றீங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அது கூடாது எண்டு ஆராவது நிரூபிச்சிட்டாங்களா?"

"முழுசா இல்ல."

"அப்ப பரவாயில்ல."

இந்த "அப்ப பரவாயில்ல" என்ற சொற்கள் வீடுவரை என்னோடு வந்தன. நிரூபிக்கப்படவில்லை என்பதிலிருந்து பரவாயில்லை என்பதற்கு அவர் எப்படித் தாவினார்? அந்தத் தாவலுக்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? அரசுகளும் கம்பனிகளும் நாள்தோறும் செய்வது இதைத்தானே. இது விஞ்ஞானக் கேள்வி போலத் தெரிந்தாலும் அடிப்படையில் ஓர் ஒழுக்கக் கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

முதலில் துணிக்கையைப் பற்றி. ஒரு மீற்றரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். மனிதனின் தலைமயிர் சுமார் 80,000 நனோமீற்றர் தடிப்பு. 100 நனோமீற்றருக்குக் குறைந்தவற்றையே நனோ துணிக்கைகள் என்கிறார்கள். டீசல் புகையில், வெல்டிங் புகையில், சாம்பிராணிப் புகையில்கூட இவை உண்டு. இன்று தொழிற்சாலைகள் வேண்டுமென்றே இவற்றை உற்பத்தி செய்கின்றன. மையில், வண்ணப்பூச்சில், துணியில் சேர்க்கின்றன. போட்டோ கொப்பி இயந்திரத்தின் டோனர் தூளிலும் இத்தகைய உலோக ஒட்சைட்டுகள் கலந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இவையோ நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை செல்கின்றன. அந்தச் சிற்றறைகள் 30 கோடிக்கு மேல். பிரித்து விரித்தால் ஒரு நடுத்தர வீட்டின் தரையளவு பரப்பு வரும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவர் அங்கே ஒரு மைக்ரோமீற்றரிலும் மெல்லியது.

ஒரு பொருள் கட்டியாக இருக்கும்போது சாதுவாக இருந்தால், அதன் நனோ வடிவமும் சாதுவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே எடைதான், ஆனால் பொடியாகப் பொடியாக மேற்பரப்பு பெருகுகிறது. உடலோடு வினைபுரிவது அந்த மேற்பரப்பே. டைட்டேனியம் டயொக்சைட் சுவர் வண்ணத்திலும் பற்பசையிலும் உள்ள வெள்ளை நிறம். நீண்டகாலம் தீங்கற்றது என்று கருதப்பட்டது. எலிகளின் நுரையீரலில் அதன் நுண்பொடி அழற்சியை உண்டாக்கியபோதுதான் விஞ்ஞானிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2006 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதனை மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்ற வகுதியில் சேர்த்தது.

இப்படி ஒவ்வொரு துணிக்கையையும் எலிகளுக்குச் சுவாசிக்கக் கொடுத்துச் சோதிப்பதென்றால் எத்தனை ஆயிரம் உயிர்கள் வேண்டும்? பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதையையும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் கதையையும் நபிமொழிகளில் கேட்டு வளர்ந்த சமூகம் நாம். நமக்கு இது சின்ன விசயமாக இருக்க முடியாது. ரஸ்ஸல், பேர்ச் என்ற இரண்டு ஆங்கில விஞ்ஞானிகள் 1959 இல் விலங்குச் சோதனைகளைக் குறைக்கவும் மாற்றீடு தேடவும் வேண்டும் என்று எழுதினார்கள். அந்த மாற்றீடுகளில் ஒன்றுதான் நுரையீரல் கலங்கள். கண்ணாடித் தட்டில், இளஞ்சூட்டில், போசணைத் திரவத்தில் கலங்களை வளர்த்து, அவற்றின்மேல் துணிக்கைகளை இட்டு, கலங்கள் சாகின்றனவா, அழற்சிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றனவா, மரபணு சிதைகிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த வேலையில் உலகமெங்கும் அதிகமாகப் பயன்படும் கல வகைகளில் ஒன்றுக்கு ஏ-549 என்று பெயர். 1972 இல் அமெரிக்காவில், 58 வயதான ஒரு மனிதரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் வெள்ளையினத்தவர் என்பதற்கு மேல் நூல்கள் எதுவும் சொல்வதில்லை. அந்த மனிதர் இல்லை. ஆனால் அவரது கலங்கள் அரை நூற்றாண்டைத் தாண்டியும் ஆய்வுகூடங்களில் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் கேள்விப்பட்டே இராத துணிக்கைகளுக்கு முகங்கொடுக்கின்றன. ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து 1951 இல் அனுமதியின்றி எடுக்கப்பட்ட கலங்களின் கதை இப்போது பலருக்குத் தெரியும். அவரது குடும்பத்தினர் 2023 இல் ஒரு கம்பனியோடு இணக்கத்துக்கு வந்தார்கள். இந்த 58 வயது மனிதருக்கு அப்படியொரு பெயரும் இல்லை, கதையும் இல்லை. உடல் அல்லாஹ்வின் அமானிதம் என்று சொல்லும் நாம், அந்த அமானிதத்தின் ஒரு துண்டு இப்படி ஊர் ஊராக அலைவதைப் பற்றி என்ன சொல்வோம்? அது மற்றவர்களின் மூச்சைக் காக்கப் பயன்படுமாயின் அதில் ஒரு ஸதகாவின் சாயல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் கேட்காமல் எடுத்தது ஸதகாவாகுமா என்ற கேள்வியும் உடனே எழுகிறது.

சரி, அந்தக் கலங்களின் சாட்சியம் நம்பத்தக்கதா? இங்கே காதி நீதிமன்ற ஒழுங்கு ஞாபகம் வருகிறது. சாட்சி சொல்வதைக் கேட்குமுன் சாட்சி எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது நமது நீதி மரபு. தஸ்கியா என்பார்கள். ஏ-549 புற்றுநோய்க் கலம். அது சாதாரண கலத்தைவிட முரடானது, எளிதில் சாகாது. அது பிழைத்துக்கொண்டது என்பதற்காக என் நுரையீரல் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. அடுத்தது, கலங்கள் வழமையாகத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. நுரையீரலின் கலம் அப்படியில்லை. அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். திரவத்தில் விழும் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குவிந்துவிடும். கலத்தை எத்தனை தொட்டன என்பதே தெரியாமல் போகும். இதனால்தான் இப்போது மெல்லிய சவ்வொன்றின்மேல் கலங்களை வளர்த்து, மேற்பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, துணிக்கைகளைத் தூறலாக இறக்கிச் சோதிக்கிறார்கள்.

சாட்சியை விசாரிப்பவரே ஏமாந்த கதையும் உண்டு. கலம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் சாயம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். உயிருள்ள கலம் அதை ஊதா நிறமாக்கும். 2006 இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் ஒரு விசயத்தைக் காட்டினார்கள். காபன் நனோ குழாய்களைக் கலங்களுக்குக் கொடுத்து இந்தச் சாயத்தால் பார்த்தால் கலங்கள் பெருமளவில் செத்துவிட்டது போலத் தெரிகிறது. உண்மையில் கலங்கள் சாகவில்லை. நனோ குழாய்கள் அந்தச் சாயத்தையே பிடித்து வைத்துக்கொண்டு கணக்கைக் குழப்பியிருந்தன. இதைக் கேட்டதும் அப்படியென்றால் நனோ குழாய் நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2008 இல் வெளியான இன்னோர் ஆய்வில், நீளமான நனோ குழாய்கள் எலிகளின் உடற்குழியில் அஸ்பெஸ்டஸ் இழைகளைப் போலவே நடந்துகொண்டன.

என்னை அதிகம் உலுக்கியது 2010 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த வேலை. சிறிய ஒரு சில்லில் நுரையீரல் கலங்களையும் இரத்தக்குழாய்க் கலங்களையும் இரு பக்கமும் வளர்த்து, மூச்சு விடுவதுபோல அந்தச் சவ்வை இழுத்துத் தளர்த்தினார்கள். அசையாத கலங்களைவிட, மூச்சசைவு கொடுக்கப்பட்ட கலங்கள் சிலிக்கா நனோ துணிக்கைகளைக் கூடுதலாக உள்வாங்கின, அழற்சியும் கூடியது. மூச்சு விடுவதே விசத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அசையாத தட்டு இத்தனை காலமும் நமக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

நம் கடைக்காரரின் விசயத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சில ஆய்வாளர்கள் போட்டோ கொப்பி நிலையங்களின் காற்றையே எடுத்துச் சோதித்தார்கள். 2013 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுகளில், அந்தத் துணிக்கைகளைப் பெற்ற மனித சுவாசக்குழாய்க் கலங்களும் மூக்கின் கலங்களும் அழற்சிச் சமிக்ஞைகளை வெளியிட்டன. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சிலரை ஓர் ஓய்வில்லாத நகலெடுக்கும் நிலையத்தில் சில மணிநேரம் இருக்கச் செய்தபோது அவர்களின் மூக்கு நீரிலும் அதே அழற்சியின் அடையாளம் தெரிந்தது. தட்டிலுள்ள கலமும் நடமாடும் மனிதனும் ஒரே சாட்சியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இது நோய் வரும் என்பதற்கு நிரூபணமல்ல. பதினெட்டு வருடங்களுக்கு என்ன நடக்கும் என்பதைச் சில நாட்கள் மட்டும் வாழும் கலம் சொல்ல முடியாது. ஆனால் "ஒண்டுமில்ல" என்ற சொல்லுக்கு இனி இடமில்லை.

இப்போது பிக்ஹு பக்கம் திரும்பலாம். பொருட்களில் அடிப்படை ஆகுமானது என்பது நம் ஷாபி மத்ஹபின் அறியப்பட்ட விதி. தடுக்கும் ஆதாரம் வரும்வரை எதுவும் கூடும். இமாம் ஸுயூத்தி தமது அல்அஷ்பாஹ் வந்நழாஇரில் இதைப் பேசுகிறார். கடைக்காரர் "அப்ப பரவாயில்ல" என்றபோது, தெரிந்தோ தெரியாமலோ இந்த விதியைத்தான் பிடித்துக்கொண்டார். ஆனால் அதே சட்டக்கலையில், தீங்கு அகற்றப்பட வேண்டும் என்ற விதியும், நன்மையைத் தேடுவதைவிடத் தீமையைத் தடுப்பதே முந்தியது என்ற விதியும் உள்ளன. எதை எங்கே வைப்பது?

எனக்குத் தோன்றுவது இதுதான். ஆகுமானது என்ற விதி, ஒருவர் தாமே விரும்பி எடுத்துக்கொள்ளும் பொருளுக்குப் பொருந்துகிறது. புதிய பழமொன்றைக் கண்டால் சாப்பிடலாம், சந்தேகமிருந்தால் விட்டுவிடலாம். மூச்சை விட முடியாது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை எடுக்கிறோம், தூங்கும்போதும் ஸுஜூதிலும்கூட. மறுக்கும் வாய்ப்பு இல்லாத ஒருவரின் மூச்சுக்குள் ஒரு பொருளை நான் கலக்கிறேன் என்றால், அது தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு என்னுடையது. அது தீங்கானது என்று காட்டும் பொறுப்பு அவருடையதல்ல. உணவிலே அடிப்படை ஆகுமானதாக இருக்கலாம். அடுத்தவரின் மூச்சிலே அடிப்படை தலைகீழாகிறது.

நம் சமூகம் உணவில் காட்டும் கவனத்தை நினைத்துப் பாருங்கள். பிஸ்கட் பக்கற்றைத் திருப்பி, ஈ எண்களை ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். 2013 இல் ஹலால் இலச்சினை இந்நாட்டில் எவ்வளவு பெரிய சர்ச்சையானது, அதற்காக எவ்வளவு வசையைத் தாங்கினோம் என்பதை யாரும் மறக்கவில்லை. அந்த ஈ எண்களில் ஒன்றான ஈ171 வேறொன்றுமல்ல, மேலே சொன்ன டைட்டேனியம் டயொக்சைட்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அதை உணவில் தடைசெய்தது. வாயால் போவதைப் பற்றி இத்தனை விசாரிக்கும் நாம், மூக்கால் போவதைப் பற்றி ஒரு ஜும்ஆ பிரசங்கத்திலாவது கேட்டிருக்கிறோமா? நான் கேட்டதில்லை.

இந்த வாதத்துக்கு ஓர் அபாயகரமான மறுபக்கம் உண்டு என்பதை நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றால் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கலாம் என்ற சந்தேகமே காரணமாகச் சொல்லப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தது. ஆயினும் பிறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு குழந்தையின் மையித்தும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் அந்த விதி நீக்கப்பட்டது. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்த நாட்களில் நமக்கெதிராகப் பாவிக்கப்பட்டதும் இதே முன்னெச்சரிக்கைதான். அப்படியிருக்க, முன்னெச்சரிக்கையை நான் எப்படிப் புகழ முடியும்?

இதை நீண்ட நாட்கள் யோசித்தேன். பிழை முன்னெச்சரிக்கையில் இல்லை. சந்தேகத்தை விசாரிக்காமல் விட்டதில்தான் இருந்தது. எரிப்பதற்குச் சந்தேகமே போதும் என்றார்கள். அதைச் சோதனைக்கு அனுப்பி, பதில் கேட்டு, பதில் வந்ததும் பணிந்துபோகும் மனம் இருக்கவில்லை. அதே காலத்தில் கண்டியின் புகையைப் பற்றிய சந்தேகமும் விசாரிக்கப்படவில்லை. அங்கே சந்தேகத்தின் பாரத்தைச் சுமந்தது மையித்து, இங்கே சுமப்பது போட்டோ கொப்பிக்காரரும் ஓட்டோ சாரதியும் போக்குவரத்துப் பொலிஸ்காரரும். இரண்டு இடத்திலும் பாரம், பேச முடியாதவர் தலையில்தான் விழுந்தது. கலத்தட்டின் ஒழுக்கப் பெறுமதி எனக்கு இங்கேதான் புரிகிறது. அது சந்தேகத்தைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறது. குறைபாடுள்ள சாட்சிதான். ஆனாலும் மனிதனைத் தட்டாக்குவதற்கு முன் கேட்கப்படும் சாட்சி.

உறுதியாகத் தெரிந்த பிறகாவது நடப்போமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. அஸ்பெஸ்டஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் விஞ்ஞானத்துக்கு இன்று ஐயமில்லை. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. சில நாட்களில் நம் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. கண்டி மலைகளின் கொழுந்துக்கும் கூரைத்தகட்டின் இழைக்கும் இடையில் நுரையீரல் பேரம் பேசப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

கண்டிக்கு இதில் தனிக்கணக்கு உண்டு. ஹந்தானையும் பஹிரவகந்தையும் உடவத்தைக்கலையும் சூழ்ந்த கிண்ணம் இந்த நகரம். குளிர்ந்த காலைகளில் புகை மேலெழாமல் கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தவர் 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று, நகரத் தூசியில் ஒட்டியிருக்கும் புற்றுநோய் தூண்டும் சேர்வைகளை அளந்தது. வாகன நெரிசல் கூடிய இடங்களில் அளவும் கூடியிருந்தது. இப்படி அளக்கும்போது தூசியை நிறுக்கிறார்கள். நனோ துணிக்கைக்கு நிறை மிகச் சொற்பம், எண்ணிக்கையோ கோடிக்கணக்கு. தராசில் அது விழாது. உலக சுகாதார அமைப்பு 2021 இல் நுண்தூசியின் ஆண்டுச் சராசரி எல்லையை கனமீற்றருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இலங்கை 2008 இல் வகுத்த நியமமோ 25. இவற்றைவிடச் சிறியவற்றுக்கு எண்ணிக்கை எல்லை எதையும் அந்த அமைப்புகூட விதிக்கவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்தை ஹாஜி முஹம்மது இஸ்மாயில் என்ற தந்தை, 1947 இல் வாகன விபத்தில் இறந்த தன் மகனின் ஞாபகமாகக் கட்டிக் கொடுத்தார். 1950 இல் திறந்தார்கள். வாகனம் மோதி இறந்தால் காரணம் தெரிகிறது, நாளும் தெரிகிறது. வாகனப் புகையில் இறப்பவருக்கு இரண்டும் இல்லை.

இதையெல்லாம் சொன்னால், கடையை மூடிவிட்டுப் பட்டினி கிடக்கச் சொல்கிறீரா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பொறுப்பு இலாபத்தின் அளவுக்கும் அறிவின் அளவுக்கும் ஏற்ப ஏற வேண்டும் என்கிறேன். டோனரில் என்ன கலந்திருக்கிறது என்பது தயாரிப்பவருக்குத் தெரியும். எந்தக் கலத்தில் சோதித்தார், என்ன கண்டார் என்பதை அவர் சொல்ல வேண்டும். இறக்குமதிக்கு அனுமதி கொடுப்பவர் அதைக் கேட்க வேண்டும். ஆறடிக் கடையில் நிற்பவரிடம் ஆய்வுக் கட்டுரை படித்துவரச் சொல்வது அநியாயம். அவரால் முடிந்தது காற்றோட்டம் மட்டுமே.

அதைத்தான் அன்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து இந்தக் கட்டுரையின் முதல் வரைவோடு போனேன். இரண்டு இயந்திரங்களையும் வாசலோரம் நகர்த்தியிருந்தார். உள்ளிருந்து வெளியே தள்ளும்படி ஒரு மின்விசிறியும் வைத்திருந்தார். "இப்ப நல்லாக் காத்து வருது தம்பி" என்றார். இருமல் சற்றுக் குறைந்தாற்போல இருந்தது; அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன். வாசலுக்கு நேரே கட்டுகஸ்தோட்டை பஸ்ஸொன்று இயந்திரத்தை நிறுத்தாமல் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. அவர் இயந்திரத்தின் கண்ணாடியை விரலால் ஒருதரம் துடைத்து, கறுத்திருந்த விரல் நுனியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உள்ளுக்க இருந்து வந்ததா, வெளிய இருந்து வந்ததா எண்டு உங்கட கலங்கள் சொல்லுமா?"